ஏரிக்கு நடுவே வீடு... வீட்டுக்கு நடுவே ஓட்டை!

"வூட்டுக்குள்ள காலை வெக்கிறேன் தம்பி... கட்டில் இருக்குது. அடுப்பு இருக்குது. டி.வி. ஓடுது. எல்லாம் சரி. தரையைப் பார்த்தா அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு ஆறு மூடி! ‘இன்னாடா இது, வூட்டுக்குள்ளயே ஆறு கெணறு வெட்டி மூடி வெச்சிக்கிறானுங்க’ன்னு கேட்டேன். என் பையன் சிரிச்சிக்கினே ஒரு மூடியைத் திறந்தான். கீழ பார்த்தா... தண்ணி! மை மாதிரி கறுப்பா, அசையாம தண்ணி!"

சொல்லி நிறுத்திவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடிக்கிறார் பெரியவர். டீக்கடை பெஞ்சில் இருந்த நாலு பேரும் வாகாக நகர்ந்து உட்காருகிறார்கள். (இந்தக் கதையை அவர்கள் ஏற்கெனவே பலமுறை கேட்டிருக்கிறார்கள் என்பது முகத்திலேயே தெரிகிறது!)

இடம், அவலூர்பேட்டை. செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே, குன்றின் மேலிருந்து சித்தகிரி முருகன் பார்த்துக் கொண்டிருக்கும் ஊர். பெரியவருக்கு வயது 71. மண்டியில் கணக்கு எழுதிக் குடும்பத்தைக் கரையேற்றியவர். ஆனால், ஊரில் விசாரித்தால் "யாரு, தூண்டில்காரரா?" என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள். ஏரியில் தண்ணீர் இருக்கிற வரைக்கும், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவரை வீட்டில் பார்க்க முடியாதாம்.

"பேரை மட்டும் போட்றாதீங்க தம்பி. ஏரி மீனைக் குத்தகைக்கு எடுக்கறவங்களுக்கும் எனக்கும் நாப்பது வருஷமா ஒரு பஞ்சாயத்து ஓடிக்கினு இருக்குது!" என்று கண் சிமிட்டுகிறார்.

போடவில்லை.

இவர் அமெரிக்கா போன கதை இப்போது தெருவுக்கு நாலு வீட்டில் நடக்கிற கதைதான். பிள்ளைக்கு மினியாபொலிஸ் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. மருமகளுக்குப் பிரசவம். முதல் ஷிப்ட்டில் சம்பந்தியம்மா போய் மூன்று மாதம் பத்தியச் சமையல் செய்துவிட்டுத் திரும்ப, இரண்டாவது ஷிப்ட்டில் இவரும் மனைவியும் விமானம் ஏறினார்கள். போய் இறங்கியது 2025 ஜனவரியில்! ஏர்போர்ட் கதவு திறந்ததும் மூக்குக்குள் இருந்த ஈரமே உறைந்து போனதாம்.

"மூச்சு வுட்டா சாம்பிராணிப் புகை மாதிரி வருது. மங்கிக் குல்லா மேல இன்னொரு மங்கிக் குல்லா! பதினஞ்சு நாளா ஜன்னல் வழியா வெள்ளையையே பார்த்துக்கினு உக்கார்ந்திருந்தேன். ஒருநாள் தாங்காம, ‘ஏண்டா, உங்க ஊர்ல ஏரி கீரி இல்லியா?’ன்னு கேட்டேன். அவ்ளோதான் கேட்டது!"

கேட்ட இடம் அப்படி. மினசோட்டா மாநிலத்துக் கார்களின் நம்பர் பிளேட்டிலேயே ‘பத்தாயிரம் ஏரிகள்’ என்று எழுதியிருக்கும். அதுவும் அடக்கமாகச் சொன்ன கணக்கு. பத்து ஏக்கருக்கு மேற்பட்டவை மட்டுமே 11,842 ஏரிகள். (நம்மூரில் ஏரிகளை எண்ணி முடிப்பதற்குள் ஒன்றிரண்டு ‘நகர்’ ஆகிவிடும்!) குளிர்காலம் வந்ததும் அத்தனையும் இறுகி, பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி மாதக்கணக்கில் கிடக்கும். மீன் பைத்தியம் பிடித்தவன் என்ன செய்வான்? மூடியிலேயே ஓட்டை போடுகிறான்.

* * *

ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பது அங்கே புதிசு இல்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள், தோலையோ கம்பளியையோ தலையோடு போர்த்திக் கொண்டு ஓட்டைக்கு மேல் குப்புறப் படுப்பார்கள். வெளி வெளிச்சம் அடைபட்டுவிட்டால், தண்ணீருக்குள் இருப்பதெல்லாம் சினிமாக் கொட்டகையில் படம் தெரிகிற மாதிரி தெரியும். மரத்தில் செதுக்கிய பொம்மை மீனைக் கயிற்றில் கட்டி ஆட்டுவார்கள். பெரிய மீன் அதைப் பார்த்து ஏமாந்து வந்ததும் ஈட்டியால் ஒரே குத்து!

பிறகு குடியேறிய வெள்ளைக்காரர்கள் நாலு பலகையை அடித்துக் குடிசையாக்கி, சறுக்குக் கட்டை மேல் வைத்து ஏரிக்கு இழுத்துப் போனார்கள். உள்ளே ஒரு சின்ன அடுப்பு, உட்கார ஒரு வாளி. ரொம்பக் காலத்துக்கு வசதி என்றால் அவ்வளவுதான். 1993-ல் வந்த ‘க்ரம்ப்பி ஓல்ட் மென்’ என்ற ஹாலிவுட் படத்தில், எதிரும் புதிருமான இரண்டு கிழவர்கள் முறைத்துக் கொண்டு மீன் பிடிப்பது இந்த மாதிரிக் குடிசைகளில்தான்.

அந்தக் குடிசைக்குச் சக்கரம் முளைத்தால்? அதுதான் நம் பெரியவர் காலை வைத்த வீடு. ‘வீல் ஹவுஸ்’ என்கிறார்கள். ‘ஃபிஷ் ஹவுஸ்’ என்றும் பெயர். மீன் வீடு!

சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற ட்ராக்டர் ட்ரெய்லரை மனசில் நினைத்துக் கொள்ளுங்கள். அதன் மேல் 16 அடியிலிருந்து 24 அடி நீளத்துக்கு ஓர் அறையைக் கட்டி, குளிர் புகாதபடி சுவருக்குள் நுரையை அடைத்து, ஜன்னல் கதவெல்லாம் வைத்து, ஒரு ட்ரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிறார்கள். ரோட்டிலிருந்து அப்படியே ஏரிக்குள்! இதில் மற்ற ட்ரெய்லர்களில் இல்லாத ஒரு வித்தை உண்டு. இடம் பார்த்து நிறுத்தியதும், மூலையில் இருக்கும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். (காசு அதிகம் கொடுத்தவர்கள் பட்டனை அழுத்தினால் போதும்.) சக்கரங்கள் மெதுவாக மேலே ஏற, ஒட்டகம் உட்காருகிற மாதிரி மொத்த வீடும் ஐஸ் மேல் உட்கார்ந்துவிடும். சுற்றிலும் பனியை அள்ளி அணை கட்டிவிட்டால் அடியில் காற்று புகாது. பிறகு தரையில் இருக்கும் மூடியைத் திறந்து துளை போடும் மெஷினை இறக்குகிறார்கள். நம்ம ஊர் போர்வெல் வண்டியின் பேரப்பிள்ளை மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் எட்டு, பத்து அங்குல அகலத்தில் துளை ரெடி.

உள்ளே இருக்கும் சௌகரியத்தைக் கேட்டால் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வயிறு எரியும். காஸில் ஓடும் ஹீட்டர். அடுக்குக் கட்டில்கள். சமைக்க அடுப்பு. சில வீடுகளில் கழிப்பறை. சிலவற்றில் சோபா. ஃப்ரிட்ஜும் உண்டு! வெளியே மைனஸ் 20 டிகிரி இருக்கும்போது ஃப்ரிட்ஜ் எதற்கு என்று கேட்காதீர்கள். பால் பாறையாகாமல் இருப்பதற்குத்தான்! மீன் எந்த ஆழத்தில் திரிகிறது என்று காட்ட ஒரு கருவி. துளை வழியாகக் கேமராவை இறக்கினால், ஏரியின் அடிவயிறே திரையில் தெரியும். டி.வி.யில் மேட்ச் போரடித்தால் மீன் பார்க்கலாம். மீன் போரடித்தால் மேட்ச் பார்க்கலாம்.

இதையெல்லாம் செய்து விற்பதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. மினசோட்டாவில் மான்ட்டிவிடியோ என்ற சின்ன ஊரில் ‘ஐஸ் காஸில்’ என்று ஒன்று. ஐஸ் கோட்டை என்று அர்த்தம். (செஞ்சிக்காரர்கள் கோபித்துக் கொள்ளக் கூடாது!) விலை? எல்லா வசதியோடும் வாங்கினால் 50 ஆயிரம் டாலரைத் தாண்டுவது சர்வசாதாரணம். நம்ம கணக்கில் 40 லட்சத்துக்கு மேல். எய்ட்கின் என்ற ஊரில் வருஷா வருஷம் நவம்பர் கடைசியில் இந்த மீன் வீடுகளை ஜோடித்து ஊர்வலமே விடுகிறார்கள். நமக்குத் தேர் மாதிரி, அவர்களுக்கு இது.

நம் பெரியவரின் பிள்ளைக்கு 40 லட்சத்துக்கு எங்கே போக? மில் லாக்ஸ் என்ற ஏரியின் கரையில் ஒரு விடுதிக்காரரிடம் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்தார். மினியாபொலிஸிலிருந்து வடக்கே காரில் சுமார் இரண்டு மணி நேரம். ஏரியின் பரப்பு சுமார் 530 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி மொத்தமே 426 சதுர கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துக் கொண்டால் அளவு புரியும்! ஆழம் மட்டும் ஏமாற்றம். அதிகபட்சமே 42 அடி.

"சின்னக் கடல்னு சொல்லு. ஆனா கடல் மேல ரோடு போட்டு, போர்டு நட்டு, கார் ஓட்றான் தம்பி! விரிசல் வுட்ட எடத்துல பாலம் வேற! ஏரிக்கு மேல பாலம் பார்த்திருக்கேன். ஏரிக்கு மேல ரோடு போட்டு, அந்த ரோட்டுக்கு ஒரு பாலம் போட்டு அங்கதான் பார்த்தேன்" என்கிறார் பெரியவர். நிஜம்தான். பனியைத் தள்ளி ஐஸ் ரோடு போடுவது, விரிசலுக்குப் பாலம் வைப்பது எல்லாம் விடுதிக்காரர்கள் வேலை. அதற்குக் கட்டணமும் உண்டு.

* * *

மீன் பிடிக்க ராத்திரி தங்குவானேன்? கட்டில் எதற்கு? காரணம் ‘வால்-ஐ’ என்ற மீன். மினசோட்டாவின் மாநில மீன், 1965-லிருந்து. பூனைக்கண் மாதிரி இதன் கண்ணுக்குள்ளும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் உண்டு. மங்கலான வெளிச்சத்தில் இதற்குப் பார்வை பிரமாதம். இரையாகப் போகிற சின்ன மீன்களுக்கோ கண் தெரியாது. அதனால் பொழுது சாயும் நேரமும் விடியற்காலையும் ராத்திரியும்தான் வேட்டை. மீன் விழித்திருக்கும் நேரம் மனிதன் தூங்க வேண்டும் என்பதால் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சக்கரம். அதில் சுற்றிய நரம்பு துளை வழியாகத் தண்ணீருக்குள் போகும். மீன் கடித்து இழுத்தால் சக்கரம் சுற்றி, உள்ளே இருக்கும் குண்டுகள் ‘கலகல’வென்று சத்தம் போடும். எழுந்து, போர்வையோடு மீனை இழுத்துவிட்டு, மறுபடி தூங்கலாம். சோம்பேறித்தனத்தை இதற்கு மேல் சாஸ்திரமாக்க முடியாது!

ஏரியில் இறங்குவதற்கு முன்பு லைசென்ஸ். வெளியூர்க்காரர்களுக்கு 24 மணி நேரத்துக்கென்றே ஒன்று தருகிறார்கள். அவலூர்பேட்டை ஏரியில் அறுபது வருஷமாகத் தூண்டில் போட்டவருக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக மீன் பிடிக்கும் உரிமை எழுத்துமூலம் கிடைத்தது! கோடையில் ஆளுக்கு ஒரு தூண்டில்; ஐஸ் மேல் என்றால் இரண்டு போடலாம்.

"மண்புழு கேட்டேன். உசுரோட சின்ன மீனை வாளியில குடுத்தாங்க. கையில புடிக்கற தூண்டில் ஒரு முழ நீளம்தான், வெளையாட்டுச் சாமான் மாதிரி. மொதல் அரை மணியிலேயே ஒண்ணு மாட்டிச்சி. வால்-ஐ! தங்க நெறம். ஒரு சாண் நாலு விரக்கடை இருக்கும். குழம்புக்கு ஆச்சின்னு பார்த்தா, என் பையன் ஒரு ஸ்கேலை எடுத்து வெச்சி அளந்துட்டு, ‘அப்பா, வுட்ரணும்ப்பா’ங்கிறான்! ‘ஏண்டா, பதிமூணாயிரம் கிலோமீட்டர் வந்து புடிச்ச மீனை வுட்றதா?’ன்னு எனக்குக் கோவம் வந்துட்டுது."

விட்டுத்தான் ஆக வேண்டும். மில் லாக்ஸில் வால்-ஐ மீன் குறைந்து போய், எந்த நீளத்து மீனை எத்தனை வைத்துக் கொள்ளலாம் என்பதை அரசாங்கம் அவ்வப்போது மாற்றி அறிவிக்கிறது. அதிலும் ஒரு பங்கு ஒஜிப்வே மக்களுக்கு உரியது. 1837-ல் போட்ட ஒப்பந்தத்தில் நிலத்தைக் கொடுத்தபோது, மீன் பிடிக்கும் உரிமையைத் தங்களுக்கே வைத்துக் கொண்டார்கள். ‘அதெல்லாம் பழங்கதை’ என்று மாநிலம் சொல்ல, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1999-ல் ஐந்து நீதிபதிகளுக்கு நாலு நீதிபதிகள் என்ற கணக்கில் ‘உரிமை செல்லும்’ என்று தீர்ப்பானது. ஏரி ஒன்று, பங்காளிகள் பலர். ஸ்கேல் இல்லாமல் எப்படி?

நல்லவேளையாக, மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட ‘பெர்ச்’ மீன் ஏழெட்டு கிடைத்தது. வீட்டம்மா கையோடு கொண்டு போயிருந்த மிளகாய்த்தூளும் மஞ்சளும் போட்டுப் புரட்டி, ஐஸுக்கு மேல், அடுப்புக்கு மேல், சுடச்சுட வறுவல். வாசனை பிடித்து, பக்கத்து மீன் வீட்டு அமெரிக்கர் கதவைத் தட்டினாராம். ரெண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் ரெண்டு துண்டு கேட்டிருக்கிறார்.

* * *

சாப்பிட்டு எல்லோரும் படுத்தாகிவிட்டது. வீட்டுக்குள் கதகதப்பு. பேரன் தூங்குகிறான். இதுவரைக்கும் சுற்றுலாக் கதை. பெரியவருக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

காரணம், சாயங்காலம் விடுதிக்காரர் சொல்ல, பிள்ளை தமிழில் எடுத்துச் சொன்ன ஒரு விஷயம். காரை நிறுத்தினால் அதற்குப் பக்கத்திலேயே ஐஸில் சின்னதாக ஒரு துளை போட்டு வைக்க வேண்டும். துளையில் தண்ணீர் மேலே ததும்பி வழிய ஆரம்பித்தால், பாரம் தாங்காமல் ஐஸ் கீழே வளைகிறது என்று அர்த்தம். காரை உடனே நகர்த்திவிட வேண்டும்!

இந்த இடத்தில் ஐஸ் பற்றிக் கொஞ்சம். ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டிலை மறந்து வைத்து அது வெடித்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். உறையும்போது தண்ணீர் விரிகிறது, அதனால் எடை குறைந்து மிதக்கிறது. தண்ணீர் அதிகக் கனமாக இருப்பது 4 டிகிரியில். ஏரி குளிரக் குளிர அந்த 4 டிகிரித் தண்ணீர் அடியில் போய்த் தங்கிவிட, அதைவிடச் சில்லென்றது மேலே வந்து உறைகிறது. அதனால்தான் மேலே கார் ஓடும்போதும் கீழே மீன் உயிரோடு நீந்துகிறது. இது மட்டும் தலைகீழாக இருந்து, ஐஸ் மூழ்குகிற வஸ்துவாக இருந்திருந்தால், ஏரி அடியிலிருந்து மேல்வரை இறுகி மீன் இனமே அங்கே இருந்திருக்காது.

ஆனால் மிதக்கிற மூடி என்பதால் அதற்கு ஒரு தாங்கும் அளவு உண்டு. மினசோட்டா இயற்கை வளத் துறை சொல்கிற கணக்கு இது: ஆள் நடக்க 4 அங்குலம் கனம் வேண்டும். பனி ஸ்கூட்டருக்கு 5 முதல் 7. சின்னக் காருக்கு 9, 10. நடுத்தர ட்ரக்குக்கு 13. பெரிய ட்ரக்கும் அதன் பின்னால் மீன் வீடும் சேர்ந்து போனால் 20 அங்குலத்துக்கு மேல். இதுவும் கண்ணாடி மாதிரி தெளிந்த ஐஸுக்குத்தான். பனி கலந்து வெள்ளையாக இறுகிய ஐஸ் என்றால் இரண்டு மடங்கு கனம் வேண்டும். வண்டிக்கு வண்டி 50 அடியாவது தள்ளி நிறுத்த வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். ஐஸ் மேல் வேகமாக ஓட்டவும் கூடாது. அடியில் தண்ணீர் அலையாக எழும்பி எங்கேயாவது உடைத்துவிடும். மீறி வண்டி மூழ்கினால் 30 நாளைக்குள் சொந்தச் செலவில் வெளியே எடுத்தாக வேண்டும் என்று சட்டம்.

கணக்கு தெளிவாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஹீட்டர் போட்ட அறையில் போர்வைக்குள் படுத்திருப்பவனுக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வருமா? பழைய குடிசையில் குளிர் எலும்பைக் கடிக்கும். சுற்றுமுற்றும் பார்த்துக் கொண்டே இருப்பான். இரண்டு, மூன்று டன் எடையுள்ள வீட்டுக்குள் சோபாவில் சாய்ந்து கொண்டு டி.வி. பார்க்கிறவனுக்குத் தான் தண்ணீர் மேல் உட்கார்ந்திருப்பதே மறந்து போகும். மூடின அறைக்குள் காஸ் எரிவதால் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாசனையில்லாத விஷப் புகை சேரும் ஆபத்து வேறு. அதற்கு எச்சரிக்கை மணி கட்டாயம் வைக்கச் சொல்கிறார்கள்.

"நடுராத்திரி ஏரி பேசுது தம்பி! ‘டொய்ங்ங்...’னு ஒரு சத்தம் எங்கயோ தூரத்துல கெளம்பி, நம்ம கட்டிலுக்கு அடியில ஓடி, அந்தாண்ட போவுது. யானை பிளிர்ற மாதிரி இன்னொண்ணு. பையனை எழுப்பினேன். ‘ஐஸ் விரியற சத்தம்ப்பா, நல்லதுதான், படுங்க’ன்னான். அவனுக்கு இருபத்திரண்டு அங்குலம் ஐஸ் இருக்குதுன்னு தைரியம். எனக்கு முடியல."

ஏன் முடியவில்லை என்பதற்கு அவர் சொன்ன காரணம்தான் நம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது.

ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கோடி போகிற வருஷங்களில், ஊர்க்காரர்கள் முறை வைத்து ராத்திரியில் ஏரிக்கரையைக் காவல் காப்பார்கள். அரிக்கேன் லைட்டும் மண்வெட்டியுமாகக் கரை மேல் நடக்க வேண்டும். கரையின் வெளிப்பக்கம் எங்கேயாவது புதிதாக ஈரம் தெரிகிறதா, தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். எலி வளை அளவு கசிவை ஒரு மணி நேரம் கவனிக்காமல் விட்டால் கரையே போய்விடும். சின்ன வயதில் அப்பாவோடு போய்ப் பழகியவர் இவர்.

"தண்ணி வரக் கூடாத எடத்துல தண்ணி வந்தா தூங்கக் கூடாது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்கிறார்.

ரெண்டு மங்கிக் குல்லாவையும் மாட்டிக் கொண்டு, டார்ச் லைட்டோடு வெளியே வந்திருக்கிறார். மணிக்கு ஒருமுறை. மூன்றாவது முறை போனபோது, பிள்ளையின் காருக்கு ஒட்டினாற் போல் பக்கத்து வீட்டு அமெரிக்கரின் பெரிய ட்ரக் நின்றிருந்தது. எப்போது கொண்டு வந்து நிறுத்தினாரோ! காற்றில் அடித்து வந்த பனி இரண்டு வண்டிகளைச் சுற்றியும் குவியலாகச் சேர்ந்திருந்தது. துளையில் டார்ச் அடித்தார். தண்ணீர் துளைக்குள் இல்லை. விளிம்பைத் தாண்டி, காரின் டயர் வரைக்கும் பளபளவென்று பரவியிருந்தது!

பிள்ளையை உலுக்கி எழுப்பி, பிள்ளை போய் அமெரிக்கரை எழுப்பி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வண்டிகளையும் ஸ்டார்ட் செய்து, ஆளுக்கொரு பக்கம் தள்ளிக் கொண்டு போய் நிறுத்தினார்கள். அரை மணி நேரத்தில் துளைத் தண்ணீர் உள்வாங்கியது.

வேறு ஒன்றும் நடக்கவில்லை. 22 அங்குல ஐஸ் காலை வரைக்கும் தாங்கியும் இருக்கலாம். அந்த அமெரிக்கர் மட்டும் விடிந்ததும் வந்து, பெரியவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டு ரொம்ப நேரம் ஏதோ சொன்னாராம். "இன்னா சொன்னாருன்னு பையன் சொல்லல. மீன் வறுவலைப் பத்தியா இருக்கும்" என்கிறார் பெரியவர்!

* * *

எல்லோருக்கும் ராத்திரிக் காவலுக்கு ஆள் கிடைப்பதில்லை. அதே மாநிலத்தில் அப்பர் ரெட் லேக் என்ற ஏரியில் 2022 நவம்பர் 28 அன்று ஒரு பெரிய ஐஸ் தகடு கரையிலிருந்து பிய்ந்து கொண்டு போக, சுமார் 200 பேர் அதன் மேல் மாட்டிக் கொண்டார்கள். அத்தனை பேரையும் மீட்டார்கள். மறு வருஷம் டிசம்பர் 29-ல் அதே ஏரி, அதே கதை. இந்த முறை 122 பேர். ஈரி ஏரியில் 2009 பிப்ரவரியில் 134 பேரை மீட்டார்கள், ஒருவர் இறந்தார். பெரும்பாலும் காற்றும் திடீர் வெதுவெதுப்பும் சேர்ந்து செய்கிற வேலை.

அந்த வெதுவெதுப்புதான் இப்போது கவலை. மினசோட்டா ஏரிகளில் ஐஸ் இருக்கும் காலம் ஐம்பது வருஷத்தில் சராசரியாக 10 முதல் 14 நாள் குறைந்திருக்கிறது. 2023-24 குளிர்காலம் அந்த மாநிலம் பதிவு செய்ததிலேயே வெப்பமானது. ப்ரெய்னர்ட் ஊர்ப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் கூடுகிற மீன்பிடிப் போட்டியை 2024 ஜனவரியில் ரத்தே செய்துவிட்டார்கள். 40 லட்சம் கொடுத்து மீன் வீடு வாங்கியவர்கள் அதை வீட்டு வாசலில் நிறுத்தி ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். வீட்டின் எடை ஏறிக் கொண்டே போகிறது. ஐஸின் கனம் இறங்கிக் கொண்டே வருகிறது!

கனடாவில் டொரொண்டோ பக்கம் குடியேறிய நம்மவர்களுக்கு இந்தச் சமாசாரமெல்லாம் பழக்கம். வடக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் சிம்கோ ஏரி. அங்கே சக்கர வீட்டைவிட, சறுக்கிப் போகும் குடில்களை நாள் வாடகைக்கு விடுவதுதான் அதிகம். ஒவ்வொரு குடிலின் சுவரிலும் பதிவு எண் எழுதியாக வேண்டும். நம் நாட்டில் ஐஸ் மீன்பிடிப்பு பரவலாக இல்லை. காஷ்மீரில் தால் ஏரி எப்போதாவது உறையும். 2021 ஜனவரியில் அப்படி உறைந்தபோது பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு இறங்கிவிட, ‘மேலே நடக்காதீர்கள்’ என்று அதிகாரிகள் கெஞ்ச வேண்டியதாயிற்று.

மாசி மாதம் மேல்மலையனூர் அங்காளம்மன் தேர் நகருகிற சமயத்தில், அங்கே மீன் வீடுகள் ஏரியை விட்டு நகர வேண்டும். மினசோட்டாவின் தெற்குப் பகுதிகளில் மார்ச் முதல் திங்கட்கிழமை கெடு. வடக்கே மூன்றாவது திங்கள். அதற்குப் பிறகு ராத்திரியில் ஆளில்லாமல் வீடு ஏரி மேல் நிற்கக் கூடாது. குப்பையைப் போட்டுவிட்டு வந்தாலும் அபராதம். 2023-ல் அதற்கும் சட்டம் போட்டுவிட்டார்கள்.

நம் பெரியவர் சித்திரைக்கு ஊர் திரும்பிவிட்டார். பெட்டியில் சாக்லேட், சென்ட், பேரன் போட்டோ. கூடவே, மினசோட்டா அரசாங்கம் கொடுத்த அந்த 24 மணி நேர லைசென்ஸ் காகிதம். திருவண்ணாமலைக்கு பஸ் ஏறிப் போய் அதை லேமினேட் பண்ணிக் கொண்டு வந்து சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்.

"இது எதுக்குங்கய்யா? தேதிதான் முடிஞ்சி போச்சே?" என்றோம்.

"அது குத்தகைக்காரன் வாட்ச்மேனுக்குத் தெரியுமா? இங்கிலீஷ்ல இல்ல இருக்குது!" என்றபடி தூண்டிலைத் தோளில் போட்டுக் கொண்டு ஏரிப் பக்கம் நடந்தார்.